காரசார முட்டை சாலட் சாண்ட்விச்: ஒரு மணிக்குள் தண்ணி விட்டுடுது, என்ன பண்ணலாம்?

கேள்வி (சென்னை):
மதியம் சோறு சாப்பிட்டா ஆபீஸ்ல கண்ணு சொக்குது. அதனால முட்டை சாலட் சாண்ட்விச் கட்டிக்கிட்டுப் போறேன். நாலு முட்டை, ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, பச்சை மிளகாய், மல்லித்தழை, மூணு ஸ்பூன் மயோனைஸ், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் கரம் மசாலா. காலைல ஏழரைக்குக் கலந்து பிரெட்ல வைக்கிறேன். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தா அடியில தண்ணி, கீழ் பிரெட் கூழ் மாதிரி. மயோனைஸைக் குறைச்சும் அதே கதைதான். மசாலாவும் பச்சை வாடை அடிக்குது. ஆபீஸ்ல ஃப்ரிட்ஜ் கிடையாது.

பதில் 1:
மயோனைஸ் மேல பழி போடாதீங்க. உப்பு பட்டதும் தண்ணி விடறது தக்காளியும் வெங்காயமும்தான். தக்காளியைத் தூக்கிடுங்க. வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, உப்புப் பிசிறிப் பத்து நிமிஷம் வச்சு ஒட்டப் பிழியுங்க. உள்ளங்கைல வழியற தண்ணியைப் பார்த்தாலே புரியும். அப்புறம் சாலட்டுக்குத் தனியா உப்புப் போடறப்ப கையைக் கட்டிப் போடுங்க. முட்டையை உரிச்சுத் துணியில ஒத்தி, நல்லா ஆறின பிறகு கலக்கணும். பிரெட்டுக்கு ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவினா ஈரம் சீக்கிரம் இறங்காது.

பதில் 2:
பச்சை வாடைக்கு ஒரே வழி, தூளை எண்ணெயில காட்டறது. ஒரு ஸ்பூன் எண்ணெயில சீரகம், தட்டின பூண்டு, கறிவேப்பிலை தாளிச்சு, அடுப்பை அணைச்ச பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கரம் மசாலா போட்டுக் கிளறுங்க. தூள் கருகக்கூடாது. ஆறினதும் மயோனைஸ்ல கலந்து, அப்புறம் முட்டை. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டு விருந்துக்குச் செஞ்ச கோழி சாலட்லகூட கறிப்பொடியை வெங்காயத்தோட வதக்கி, ஆறவச்சுதான் மயோனைஸ்ல சேர்த்தாங்க. வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு!

கேள்வி கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. இன்னொண்ணு, மஞ்சக்கருவைச் சுத்திப் பச்சையா ஒரு வளையம் வருதே, கெட்ட முட்டையா?

பதில் 3:
இல்லம்மா, ரொம்ப நேரம் வெந்திருக்கு. வெள்ளைக்கருவுல இருக்கிற கந்தகமும் மஞ்சக்கருவுல இருக்கிற இரும்பும் சேர்ந்து வர்ற நிறம். சாப்பிடலாம். கொதி வந்து பத்து நிமிஷத்துல இறக்கிப் பச்சைத் தண்ணில போட்டுடு.

எனக்குப் பயம் வேற இடத்துல. ஏழரைல இருந்து ஒரு மணி வரைக்கும் வெளியிலயா? வெந்த முட்டை 2 மணி நேரத்துக்கு மேல வெளியில இருக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல வெயில்னா 1 மணி நேரம்தான் கணக்கு. நம்ம ஊர்ல அது வருஷத்துல பாதி நாள். பச்சை முட்டைல வீட்டுல அடிச்ச மயோனைஸ்னா கண்டிப்பா வேண்டாம். அதை விக்கறதுக்கே தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷம் தடை போட்டுச்சு. ராத்திரியே சாலட்டைக் கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சிரு. காலைல ஃப்ரீஸர்ல உறைஞ்ச தண்ணி பாட்டில் ரெண்டோட தெர்மல் பையில வச்சு எடுத்துட்டுப் போ.

கேள்வி கேட்டவர்:
ஐஸ் பாட்டில் பக்கத்துல இருந்தா பிரெட் வேர்த்துப் போகாதாக்கா?

பதில் 3:
பிரெட்டை ஏன் அந்தப் பைக்குள்ள வைக்கிற? அது தனி டப்பால கைப்பையில வரட்டும். சாப்பிடும்போது தடவிக்கோ. ஸ்பூனை மட்டும் மறந்துடாதே.