மேலவீதி குடும்பக் குழு: பெரியப்பாவின் டாப்ளர் அறிக்கை

ரேவதி: அப்பாவின் கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அறிக்கை வந்துவிட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது கரோடிட் தமனியில் அடைப்பு 60 சதவீதமாம். முன்பு 40 என்று எழுதியிருந்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 216, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 142, நல்ல கொழுப்பான எச்டிஎல் 38. திங்களன்று வலது கண் திரை விழுந்ததுபோல் சற்று நேரம் இருண்டதை நேற்றிரவுதான் வாய் திறந்து சொன்னார்.

கார்த்தி: இதையா மூன்று நாள் மறைத்தார்?

ராமநாதன்: பிறகு நன்றாகத் தெரிந்தது. வளைகாப்பு நேரத்தில் எதற்கு ஊரைக் கூட்டுவது?

மாலதி: அண்ணா, கோளாறு கண்ணில் இல்லை. கழுத்துத் தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புப் படிவிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து, அதே பக்கத்துக் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறிது நேரம் அடைத்திருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம், ஆகவே இன்றே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். 60 சதவீத அடைப்புக்கு அறுவை சிகிச்சை தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்; செய்வதாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் செய்வதே நல்லது.

சுந்தர்: நல்ல கொழுப்பை ஏற்றினால் சரியாகிவிடாதா அக்கா?

மாலதி: எச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. படிவை வளர்ப்பது எல்டிஎல். பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்டு, தமனியில் படிவும் இருந்தவர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. எல்டிஎல்லை 70க்குக் கீழே வைக்க முயன்றவர்களில் 8.5 சதவீதத்தினருக்கும், 90 முதல் 110 வரை விட்டவர்களில் 10.9 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. அண்ணாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து வரும் 178ஐயும் கவனிக்க வேண்டும்.

ரேவதி: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் 142 வந்திருக்குமா? ஈரல் கெடும் என்று இந்தக் குழுவில் செய்தி அனுப்பியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுந்தர்: வந்ததை அனுப்பினேன், நிறுத்தச் சொல்லவில்லையே.

கார்த்தி: அதற்கு முந்தைய வாரம் வெண்டைக்காய்த் தண்ணீர் அனுப்பினீர்கள், சித்தப்பா.

மாலதி: சண்டை பிறகு. தாத்தாவுக்கும் இளவயதிலேயே பக்கவாதம் வந்ததால், நாம் எல்லோரும் லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளுக்கான ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பத்தியத்தால் குறையாது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களில் இன்னும் கண்டிப்பு தேவை.

சுந்தர்: முதலில் கார்த்தி எடுக்கட்டும்.

ராமநாதன்: பந்தல்காரர் பதினொரு மணிக்கு வருகிறார். முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சுந்தர்: அதை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா.

ராமநாதன்: மாலதி கல்யாணத்தில் நீ பார்த்துக்கொண்ட பந்தலை நான் மறக்கவில்லை.

கார்த்தி: கார் வாசலில் நிற்கிறது. பெரியப்பா சட்டை மாற்றிவிட்டார்; ஆனால் பந்தல்காரருடன் இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.