36 வயசுல டாப் ஸ்கோரர்: யாருங்க இந்த போட்ரிக் ஆமண்ட்?

செங்கால்நாரை:
அயர்லாந்து லீக் பாக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. 2024 பிரீமியர் டிவிஷன்ல அதிக கோல் போட்டது யாருன்னு தேடினா, வாட்டர்ஃபோர்டு ஸ்ட்ரைக்கர் போட்ரிக் ஆமண்ட், 14 கோல். பிறந்தது 1988. அந்த வயசுல மத்தவன் டிவியில உக்காந்து கமெண்ட்ரி சொல்லிட்டு இருப்பான். ஆடின கிளப்பை எண்ணினேன், லோன்ல (கொஞ்ச காலத்துக்கு இரவலா) போய் ஆடினதையும் சேத்தா 12 வருது. இத்தனை இடம் மாறினவன்னா ஆட்டத்துல ஏதோ குறை இருக்கணும்ல? இல்ல நான்தான் தப்பா பாக்குறேனா?

ஹேசல்ஸ்டாண்ட்:
தப்பாத்தான் பாக்குறீங்க. 2017ல இருந்து மூணு வருஷம் நான் வேல்ஸ்ல நியூபோர்ட்ல வேலை பாத்தேன், அந்த ஊர் கிளப்புக்கும் இவர் ஆடினார். ஊர்ல இருக்கிற சனிக்கிழமையெல்லாம் கிளப்போட மைதானம் ராட்னி பரேடுதான். ரக்பியும் அதே மைதானத்துலதான், ஜனவரி வந்தா வயல்ல நடவு நடற மாதிரி சேறு.

அவர் அங்க வந்து சேந்த கதையைக் கேளுங்க. கார்லோ ஊர்க்காரர். ஷாம்ராக் ரோவர்ஸ், ஸ்லைகோ, நடுவுல போர்ச்சுகல்ல ஒரு சீசன், அப்புறம் இங்கிலாந்துல அக்ரிங்டன், மோர்கம். 2015-16ல கிரிம்ஸ்பிக்கு ஐந்தாம் அடுக்கு லீக்ல மட்டும் 30 கோல் போட்டார். வெம்பிளியில பிளேஆஃப் (மேல் அடுக்குக்குப் போறதுக்கான மேட்ச்) ஜெயிச்சு கிளப் ஆறு வருஷம் கழிச்சு நாலாம் அடுக்கான லீக் டூவுக்குத் திரும்புச்சு. அவர் அடுத்து போனது லீக் டூவுலயே இருந்த ஹார்ட்டில்பூல். 2017 மே மாசம், சீசனோட கடைசி நாள், ஹார்ட்டில்பூல், நியூபோர்ட் ரெண்டுல ஒண்ணு ஐந்தாம் அடுக்குக்கு இறங்கணும். ஹார்ட்டில்பூல் டான்காஸ்டரை 2-1னு ஜெயிக்குது. ஆனா நியூபோர்ட்ல 89வது நிமிஷம் மார்க் ஓ'பிரையன் ஒரு கோல் போடுறார், நியூபோர்ட் தப்பிக்குது, 1921ல இருந்து லீக்ல இருந்த ஹார்ட்டில்பூல் வெளியில. அடுத்த மாசமே ஆமண்ட் கையெழுத்துப் போட்டது எங்க? அதே நியூபோர்ட்ல! தன்னைக் கீழ தள்ளின வீட்டுக்கே குடி போன ஆளு. அங்க அவர் ஒப்பந்தம் 2022 வரைக்கும் இருந்துச்சு.

2018 ஜனவரி, எல்லா அடுக்கு கிளப்பும் மோதுற எஃப்.ஏ. கப், பிரீமியர் லீக்ல ஆடுற டாட்டன்ஹாம் வந்திருக்காங்க. ராபி வில்மட் தூக்கிப் போட்ட பந்தை ஆமண்ட் தலையால முட்டி உள்ள விட்டார். 82வது நிமிஷம் அவங்க ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் சமன் பண்ற வரைக்கும் எனக்குத் தொண்டையில எச்சில் இறங்கல. மறு வருஷம் அதே கப்ல லெஸ்டர். 82ல அவங்க சமன் பண்ணிட்டாங்க, 85ல நமக்கு ஒரு பெனால்டி, அடிச்சவர் இவர்தான். அப்புறம் மிடில்ஸ்பரோவோட டிரா ஆனதால திரும்ப நடந்த ரீப்ளேலயும் ஒண்ணு. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா 2-0ன்னு பின்தங்கி இருந்தப்ப, 88வது நிமிஷம் அவங்க கோல்கீப்பர் எடர்சன் தலைக்கு மேல தூக்கி விட்டு 2-1 ஆக்கினார். ஒரே ஒரு நிமிஷம் கனவு கண்டோம், சிட்டியோட ஃபோடன் அடுத்த கோலைப் போட்டுக் கலைச்சிட்டான். கடைசியில 4-1னு சிட்டி ஜெயிச்சது.

கிளப் மாறினதைக் குறைன்னு நெனைக்காதீங்க. லீக் டூவுல ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னுதான் ஒப்பந்தம். மேனேஜர் மாறினா, டீம் இறங்கினா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெனால்டிபெருமாள்:
எல்லாம் சரி அண்ணே. ஆனா ஜேமி வார்டியும் அதே ஐந்தாம் அடுக்குல ஃப்ளீட்வுட்டுக்கு 31 கோல் போட்டவன்தான். அவனை லெஸ்டர் பத்து லட்சம் பவுண்டு குடுத்துத் தூக்கிட்டுப் போச்சு. இவருக்கு 30, ஒண்ணுதான் கம்மி. கடைசி வரைக்கும் பெரிய இடம் கிடைக்கலையே, ஏன்?

ஹேசல்ஸ்டாண்ட்:
வயசு தம்பி. வார்டி போனப்ப 25. இவர் அந்த 30 கோல் முடிச்சப்ப 28. அதே கிரிம்ஸ்பியில கூட ஆடின ஓமர் போகிளுக்கு 23, அவனை 2017 ஜனவரியிலயே விகன் வாங்கிடுச்சு. பின்னாடி வித்து லாபம் பாக்க முடியுமான்னுதான் பெரிய கிளப் கணக்குப் போடும். அப்புறம் வேகம். ஓடி முந்துற ஆளு கிடையாது. டிஃபெண்டரை உரசிக்கிட்டே நிப்பார், பந்து எங்க விழும்னு தெரியும். என்னைக் கேட்டா அதனாலதான் 36லயும் ஓடுச்சு, இழக்கிறதுக்கு வேகம்னு ஒண்ணு முதல்லயே இல்லையே.

செங்கால்நாரை:
நன்றி அண்ணே, கருத்தை வாபஸ் வாங்கிட்டேன். அயர்லாந்துக்குத் திரும்பினதும் வயசுதானா?

ஹேசல்ஸ்டாண்ட்:
அவர் மனசு எனக்கென்ன தெரியும். வாட்டர்ஃபோர்டுல இருந்து கார்லோ ஒரு மணி நேர டிரைவ், அவ்வளவுதான் சொல்லலாம். ஆனா ஓய்வெடுக்க வந்த மாதிரி தெரியல. 2023ல வந்தப்ப கிளப் ரெண்டாம் டிவிஷன். பிளேஆஃப்ல கார்க் சிட்டியை அடிச்சு மேல வந்தாங்க, அடுத்த வருஷமே நீங்க பாத்த அந்த 14.

பெனால்டிபெருமாள்:
நியூபோர்ட் தோத்த 2019 வெம்பிளி பிளேஆஃப் ஃபைனலைப் பத்தி வாயே திறக்கலையே?

ஹேசல்ஸ்டாண்ட்:
வேணும்னேதான் விட்டேன். எதிரணி டிரான்மியர், 119வது நிமிஷம், அவங்க ஜென்னிங்ஸ் தலையால முட்டினது. அந்த மேட்ச்ல கடைசி நேரத்துல ரெட் கார்டு வாங்கினது யார் தெரியுமா? ரெண்டு வருஷம் முன்னாடி நம்மளைக் காப்பாத்தின அதே ஓ'பிரையன். போதும்பா, இன்னைக்குச் சாப்பாடு இறங்காது.