கலைவிழாவில் முதல்முறை மேடையேறும் பேண்ட்: எந்தப் பாட்டுகளைப் போடலாம்?

தலவாக்கலைத் தம்பி:

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் படிக்கிறேன், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் இந்த வருடம் ஒரு பேண்ட் ஏறட்டும் என்று அதிபர் சம்மதித்துவிட்டார், 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். ஆள் யார் யார் என்றால், அகோஸ்டிக் கிட்டார் இரண்டு (நானும் இன்னொருத்தனும், இரண்டு பேருக்குமே ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துகிற எஃப் கோர்டு பிடித்தால் பாதிக் கம்பியில் சத்தமே வராது), பாடசாலையின் பழைய யமஹா கீபோர்டு, மேலே உட்கார்ந்து கையால் அடிக்கிற கஹோன் பெட்டி ஒன்று, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பு (பறை) அடிக்கிற ஒரு தம்பி, பாடுவதற்கு ஒரு தங்கச்சியும் தரம் 10 பையன் ஒருவனும். தப்புக்காரத் தம்பியைத் தவிர எல்லாருமே புதுசு.

சண்டை பாட்டில்தான் வருகிறது. மற்ற கிட்டார்காரன் ‘இளைய நிலா’ இல்லையென்றால் நான் வரவே மாட்டேன் என்கிறான். பாடுகிற பையனுக்கு அனிருத் பாட்டு மட்டும்தான் வேண்டுமாம். ஒரு மிஸ் ‘கொலவெறி’ நல்லா இருக்குமே என்றார், அதிபர் முறைத்தார். அதோடு பக்கத்துச் சிங்களப் பாடசாலையிலிருந்தும் விருந்தினர் வருகிறார்கள், அவர்களுக்கும் பிடிக்கிற மாதிரி ஒன்று இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பாட்டு, எது எது, எந்த வரிசையில்? கொஞ்சம் சொல்லுங்கள்.

ஹட்டன் டிரம்ஸ்:

தம்பி, 15 நிமிடத்துக்கு மூன்று பாட்டு போதும். கடிகாரத்தைப் பார்த்தால் நான்கு போடலாம் போலத்தான் இருக்கும், ஆனால் கேபிள் குத்துவது, மைக் சரிபார்ப்பது, அறிவிப்பாளர் பேசி முடிப்பது எல்லாம் அந்த 15க்குள்தான் வரும்.

‘இளைய நிலா’வை இந்த வருடம் விடுங்கள். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாட்டு, கேட்க இதமாக இருப்பதால் சுலபம் என்று நினைக்கிறோம், ஆனால் அதில் கிட்டார் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துக்கொண்டு விடாமல் ஓடும், அதுதான் பாட்டுக்கே முதுகெலும்பு. நடுவில் ஒரு விரல் தடுமாறினால் அதை மூடி மறைக்க உங்களிடம் வயலினும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. கோர்டை மட்டும் சரக் சரக்கென்று அடித்துப் பாடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படிப் பாடினால் அது அந்தப் பாட்டே இல்லை.

சினிமாப் பாட்டு எதை எடுத்தாலும் புது பேண்டுகள் விழுவது இடையிசையில்தான். பாடுகிறவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், எப்போது சரணம் தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெட்டுங்கள். பல்லவி, நாலு பார் (தாளச் சுற்று) வெறும் கோர்டு, முதல் சரணம், மறுபடி பல்லவி, அவ்வளவுதான். முடிவையும் இப்போதே பேசி வையுங்கள், ஏனென்றால் ஒலிப்பதிவில் நிறையப் பாட்டுகள் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து முடியும், மேடையில் அப்படிச் செய்ய முடியாது, எல்லாரும் ஒரே அடியில் நிற்க வேண்டும். அந்த ஒரு அடி சுத்தமாக விழுந்தால் நடுவில் நடந்த தவறுகளை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள்.

‘கொலவெறி’யில் ஸ்கொட்ச் கிளாஸ் எல்லாம் வருகிறது, அதிபர் முறைத்ததில் தப்பில்லை.

பதுளைப் பாட்டு டீச்சர்:

மேலே ஹட்டன் தம்பி வெட்டச் சொன்னது சரி. ஆனால் இங்கே எல்லாரும் கிட்டாரையே பேசுகிறீர்கள், பாடுகிற பிள்ளைகளை யாரும் கேட்கவில்லையே.

தரம் 10 பையன் என்றால் குரல் உடைகிற வயது. போன மாதம் எட்டிய சுரம் இந்த மாதம் எட்டாது. பாட்டைத் தெரிவு செய்யும்போது பல்லவியைப் பாடிப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு செய்யாதீர்கள், சரணத்தில் எந்த வரி மிக மேலே போகிறதோ அதை முதலில் பாடச் சொல்லுங்கள், அதுவும் உட்கார்ந்து மெதுவாக இல்லை, எழுந்து நின்று, மேடையில் பாடுகிற சத்தத்தில். கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை இறக்குங்கள். இறக்கியும் சரிவராவிட்டால் பாட்டை மாற்றுங்கள், அனிருத் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிட்டார்காரர்களுக்கு: ஜி, சி, டி, ஈ மைனர் இந்த நாலு பிடியை வைத்துக்கொண்டு கேப்போவை (கிட்டார் கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்துகிற கிளிப்) நகர்த்தினால் எஃப் பிரச்சினையே வராது. கேப்போ இரண்டாம் கட்டில் இருந்தால் கீபோர்டுப் பிள்ளை டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்குகிற வசதி) +2இல் வைத்து அதே பிடிகளை வாசிக்கட்டும். அடுத்த பாட்டுக்கு முன்னால் அதைப் பழையபடி 0க்குக் கொண்டுவர வேண்டும், இதை ஒரு கடதாசியில் எழுதிக் கீபோர்டிலேயே ஒட்டி விடுங்கள். இதில்தான் வழக்கமாகச் சந்தி சிரிக்கும்.

அந்தத் தங்கச்சியையும் பையனையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பாடவிடாமல் ஆளுக்கு ஒரு பாட்டு கொடுப்பது நல்லது. இருவருக்கும் ஒத்துவருகிற ஒரே சுருதி இந்த வயதில் கிடைப்பது கஷ்டம்.

கோச்சிப் பெட்டி:

தப்பு அடிக்கத் தெரிந்த ஒருத்தனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்டார் பாட்டு தேடுகிறீர்களே தம்பி! உங்கள் பேண்டில் உண்மையிலேயே வாசிக்கத் தெரிந்த ஆள் அவன்தான், அவனைச் சுற்றித்தான் முதல் பாட்டைக் கட்ட வேண்டும்.

‘கூனி அடிச்ச மலை’ என்று தொடங்குகிற நம் நாட்டார் பாட்டை எடுங்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துப் பாட்டு, உங்கள் வீட்டில் பாட்டிமார் இருந்தால் மெட்டு கேட்கலாம், தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும், நீங்கள் கேட்டதையே பாடுங்கள். தங்கச்சி முதலில் தனியாகப் பாடட்டும், அப்புறம் தப்பு நுழையட்டும், கிட்டார் ஒரே கோர்டில் பின்னால் நின்றால் போதும். அதிலிருந்து நிறுத்தாமல் 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’க்குப் போகலாம். ராப் பாடகர் அறிவு அதில் சொல்கிற தன் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அழுகைக் கோச்சி என்ற ரயிலில் தலைமன்னாருக்குப் போன குடும்பங்களின் கதை நம் ஊரில் யாருக்கு இல்லை? ராப் பகுதி முழுவதையும் எடுக்க வேண்டாம், மூச்சு வாங்கும். எல்லாரும் சேர்ந்து பாடுகிற இடங்கள் போதும்.

இன்னொன்று, அது தோல் கட்டிய தப்பு என்றால் நம் ஊர்ப் பனிக்குத் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும், ஏறுவதற்கு முன்னால் மண்டபத்துக்கு வெளியே தீயில் காய்ச்ச வேண்டும். காய்ச்சிய சூடு கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதனால் தப்புப் பாட்டு கட்டாயம் முதலில் வர வேண்டும், கடைசிக்குத் தள்ளாதீர்கள். அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திடீரென்று புகையைப் பார்த்தால் பதறிப் போவார்.

நோர்வூட் ரசிகன்:

நாட்டார் பாட்டு எல்லாம் போட்டிக்குச் சரி. கலைவிழாவில் பின்வரிசைப் பையன்கள் தெரிந்த பாட்டு வராவிட்டால் மூன்றாவது நிமிடமே எழுந்து போய்விடுவார்கள். ஒரு படப் பாட்டாவது வேண்டும். ‘முஸ்தபா முஸ்தபா’ போடுங்கள், 1996இல் வந்தது, இன்றைக்கும் எந்தப் பாடசாலையில் தொடங்கினாலும் மண்டபமே பாடும். நட்புப் பாட்டு, அதிபரும் முறைக்க மாட்டார்.

ஹட்டன் டிரம்ஸ்:

ரசிகன் சொல்வது சரிதான், கூட்டம் சேர்ந்து பாடினால் பாடுகிற பையனுக்கும் பாரம் குறையும். அதை நடுவில் வையுங்கள்.

சிங்கள விருந்தினருக்கு என்று தனியாக ஒன்று தேட வேண்டாம். ‘சுராங்கனி’யில் முடியுங்கள். சிலோன் மனோகர் பாடியது, சிங்களமும் தமிழும் மாறி மாறிப் பாடலாம், மண்டபத்தில் இரண்டு பக்கமும் கை தட்டும். கோர்டு மிகக் குறைவு. கஷ்டம் தாளத்தில்தான், அது பைலா என்கிற நம் நாட்டுத் துள்ளல் பாட்டு வகை, 6/8இல் (ஆறு எண்ணிக்கைத் தாளத்தில்) ஓடும், சினிமாப் பாட்டின் நேரான நாலடிக்குப் பழகிய கை முதலில் இடறும். கஹோன்காரன் கிட்டாரே இல்லாமல் தனியாக அதை அடித்துப் பழகட்டும், வேகத்தைக் கூட்டாமல். கடைசிப் பாட்டு என்றாலே எல்லாருக்கும் கால் தரையில் நிற்காது, நீங்கள் ஓடினால் பாடுகிறவர்கள் வார்த்தையை விழுங்குவார்கள்.

நேரம் மிஞ்சினால் அல்லது யாராவது ‘இன்னொன்று’ என்று கத்தினால் நித்தி கனகரத்தினத்தின் ‘கள்ளுக்கடை பக்கம் போகாதே’ கையில் இருக்கட்டும். குடிக்காதே என்று சொல்கிற பாட்டு, அதிபர் அன்றைக்கு உங்களுக்குத் தேநீரும் வடையும் வாங்கித் தருவார்.

தலவாக்கலைத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. நாட்டார் பாட்டும் எஞ்சாமியும் சேர்த்து முதலில், முஸ்தபா நடுவில், சுராங்கனி கடைசியில் என்று பேசி முடித்துவிட்டோம். முஸ்தபா பையனுக்கு. டீச்சர் சொன்ன மாதிரியே எழுந்து நிற்க வைத்துப் பாடச் சொன்னோம், சுருதி இறக்க வேண்டியிருந்தது. ‘இளைய நிலா’க்காரன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், ஆனால் எஞ்சாமிக்கு ஒரு சின்னக் கிட்டார் முன்னிசை தருகிறோம் என்றதும் பயிற்சிக்கு வந்துவிட்டான்.

ஒரு சந்தேகம். மண்டபத்தில் மொத்தம் நாலு மைக்தான். பாடுகிறவர்களுக்கு இரண்டு போனால் மீதி இரண்டையும் எங்கே வைப்பது?

ஹட்டன் டிரம்ஸ்:

கஹோனுக்கு ஒன்று, முன்னால் இல்லை, பின்பக்கத்து ஓட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள், அப்போதுதான் அடிச்சத்தம் கனமாக வரும். இன்னொன்று நன்றாக வாசிக்கிற கிட்டாருக்கு. கீபோர்டை மைக்கில் பிடிக்க வேண்டாம், கேபிளில் நேராக மிக்சருக்குக் கொடுத்துவிடலாம். தப்புக்கு மைக்கே வேண்டாம், அந்தத் தம்பியைப் பாடகர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் மேடையின் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாட்டு மைக்கிலும் தப்புச் சத்தம்தான் கேட்கும்.