வடக்கு மாசி வீதி வீடு: கதிரின் வண்டிக்குச் சென்சார்

வெள்ளிக்கிழமை

கதிர்: மாமா, சித்தப்பா, மீனா அக்கா, எல்லாரிடமும் ஒரு உதவி. ஹமாமட்சு பி5587 என்று ஒரு சென்சார், இரண்டு ஜோடி எங்காவது கிடைக்குமா? நான் செய்கிற குட்டி வண்டியின் இரண்டு சக்கரத்துக்கும் என்கோடர் வைக்க வேண்டும், பழைய ரோபோ குறிப்புகளில் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாகத் தேடுகிறேன். மதுரையில் ஏழு கடை ஏறி இறங்கிவிட்டேன், பேரைச் சொன்னதுமே இல்லை என்று கையை விரிக்கிறார்கள். ஒரு ஆன்லைன் கடையில் இருப்பதாகக் காட்டியது. பணம் கட்டி ஒன்பது நாள் காத்திருந்தால் கவட்டை மாதிரி நடுவில் பிளவு உள்ள வேறு எதையோ அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியம்மா: என்கோடர் என்றால் என்ன கண்ணா?

கதிர்: சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணுவது பெரியம்மா. இப்போது வண்டியை நேராகப் போகச் சொன்னால் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் பீரோவில் முட்டுகிறது. இரண்டு மோட்டாரும் ஒரே நாளில் வாங்கியதுதான், ஆனால் இடது பக்கத்து மோட்டார் கொஞ்சம் வேகம். எண்ணத் தெரிந்தால்தான் வேகமானதை அடக்க முடியும்.

பெரியம்மா: சரி சரி. பீரோ கண்ணாடி பத்திரம்.

மீனா அக்கா: இங்கே சிங்கப்பூரில் ஜலான் பெசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது கதிர், உதிரி பாகம் எல்லாம் அங்கேதான். நாளைக்கு லீவு, போய்க் கேட்கிறேன்.

செல்வம் சித்தப்பா: நானும் நாளைக்கு மவுண்ட் ரோடு பக்கம் போக வேண்டியிருக்கிறது, ரிச்சி தெருவில் பார்த்துவிட்டு வருகிறேன். நாளை மறுநாள் என்றால் ஞாயிறு, பாதிக் கடை ஷட்டர் போட்டிருக்கும். ராஜு மச்சான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எதைக் கேட்டு வாங்கட்டும்?

ராஜு மாமா: இப்போதுதான் பார்த்தேன், ஒரு யுபிஎஸ் வேலையில் இருந்தேன். மாப்பிள்ளை, அந்த நம்பரை விட்டுவிடு. அது உற்பத்தி நின்றுபோன சரக்கு. யாரோ ஒருவரின் டப்பாவில் நாலு கிடந்து உனக்குக் கிடைத்தாலும் ஒன்று எரிந்தால் மறுபடி மூன்று வாரம் அலைவாய். அந்தப் பொருளுக்குள் நாலு வேலை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை விடுவது, திரும்பி வருவதைப் பிடிப்பது, பிடித்ததைப் பெருக்குவது, கடைசியாக, சக்கரத்தோடு சுற்றுகிற பட்டை கறுப்பா வெள்ளையா என்று தடுமாறாமல் முடிவு சொல்வது. முதல் இரண்டு வேலைக்கு 15 ரூபாய்ப் பொருள் போதும், டிசிஆர்டி5000. மற்ற இரண்டுக்கும் 74எச்சி14 என்று 14 கால் ஐசி, அதில் இப்படி முடிவு சொல்கிற கேட் ஆறு இருக்கிறது, உனக்கு வேண்டியது நாலு. எல்லாக் கடையிலும் கிடைக்கிற பொருளை வைத்துச் செய்தால்தான் கெட்டுப்போனால் மாற்ற முடியும். டிவி ரிப்பேரில் இத்தனை வருஷமாக நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது.

கதிர்: கிளாஸில் ரெண்டு பேர் எல்எம்393 என்று வோல்டேஜை ஒப்பிடுகிற ஐசி உள்ள போர்டு வைத்த கவட்டை சென்சாரும் 20 ஓட்டை போட்ட கறுப்புத் தட்டும் வைத்திருக்கிறார்கள் மாமா. சக்கரம் நிற்கும்போதே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஒருத்தனுக்கு வண்டி அசையவே இல்லை, 300 காட்டியது. அதனால்தான் எனக்கு அந்த வகையே வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

ராஜு மாமா: சென்சார் மேல் தப்பு இல்லை. தட்டின் ஓரம் சரியாக வெளிச்சத்தின் நடுவில் வந்து நின்றால் வோல்டேஜ் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். மோட்டாரின் சின்ன இரைச்சல் பட்டாலும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று துள்ளும், ஒவ்வொரு துள்ளலையும் வண்டியை ஓட்டுகிற ஆர்டுயினோ போர்டு எண்ணும். எல்எம்393 தானாக அதைத் தடுக்காது. அவுட்புட்டில் இருந்து பிளஸ் இன்புட்டுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டுக் கொடுத்தால் ஏறும்போது ஒரு எல்லை, இறங்கும்போது வேறு எல்லை என்று ஆகிவிடும். அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று எழுதிய ஒரு கெபாசிட்டர் வைத்தாலும் ஓரளவு அடங்கும். 74எச்சி14 இல் அந்த இரட்டை எல்லை பிறவியிலேயே இருக்கிறது, உன் பி5587 உள்ளேயும் அதுதான் இருந்தது. உன் நண்பர்களிடம் அந்த 1 மெகா சமாச்சாரத்தைச் சொல். உனக்குத் தப்பாக வந்த கவட்டையையும் தூக்கிப் போடாதே, வேறு வேலைக்கு ஆகும்.

பெரியம்மா: தம்பி, பரணில் பழைய கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்று கிடக்கிறது, அடியில் உருண்டை இருக்குமே, அது உனக்கு ஆகுமா?

ராஜு மாமா: அக்கா, நல்ல நேரத்தில் சொன்னாய்! அதை இறக்கி மாப்பிள்ளையிடம் கொடு. அவன் இன்றைக்கே பிரித்துப் பார்க்கட்டும்.

கதிர்: 📷 படம்

கதிர்: பிரித்துவிட்டேன். ஒரே ஸ்குரூதான், ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது. உருண்டையை ஒட்டி இரண்டு உருளை, ஒவ்வொன்றின் முனையிலும் சீப்புப் பல் மாதிரி வெட்டு வெட்டாக ஒரு குட்டிச் சக்கரம், ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் மூன்று கால் உள்ள கறுப்புப் பொருள். அது ஏன் மூன்று கால்?

ராஜு மாமா: அந்தக் கறுப்புக்குள் இரண்டு கண் இருக்கிறது, ஒரு கால் இரண்டுக்கும் பொது. பல்லின் நிழல் முதல் கண்ணில் விழுந்து கொஞ்சம் தள்ளித்தான் இரண்டாவது கண்ணில் விழும். யார் முந்துகிறார்கள் என்று பார்த்தால் உருளை எந்தத் திசையில் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். ஒரே கண் என்றால் வண்டி பின்னால் போனாலும் முன்னால் போனதாகவே கூட்டிக்கொண்டிருக்கும். போர்டை வெட்டாமல் அப்படியே 5 வோல்ட் கொடுத்து, வெளி இரண்டு கால்களிலும் மீட்டரை மாற்றி மாற்றி வைத்து, உருளையை நகத்தால் மெதுவாக நகர்த்திப் பார்.

கதிர்: மாமா பார்த்துவிட்டேன்! ஒன்று மாறிய பிறகுதான் மற்றது மாறுகிறது, திருப்பிச் சுற்றினால் வரிசை தலைகீழ். புத்தகத்தில் குவாட்ரேச்சர் என்று படம் போட்டிருந்தபோது புரியவே இல்லை. இதையே வண்டியில் வைத்துவிடலாமா?

ராஜு மாமா: சக்கரம் ரொம்பச் சின்னது, உன் மஞ்சள் மோட்டாரின் அச்சில் நேராகப் பிடிக்காது, கால் மில்லிமீட்டர் ஆடினாலும் இடிக்கும். கற்றுக்கொள்ள வைத்துக்கொள். வண்டிக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டுச் சக்கரத்தோடு சுற்றுகிற பேப்பர் தட்டுதான் சரி.

சனிக்கிழமை

மீனா அக்கா: சிம் லிம் டவரில் மூன்று மாடி சுற்றினேன். பி5587 இல்லை. ஒரு வயதான கடைக்காரர் நம்பரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் கைவசம் இல்லை என்றார். கியூஆர்இ1113 என்று அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று காட்டினார், எட்டு வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன்.

ராஜு மாமா: நல்லது மீனா. அது பக்கத்தில் பார்க்கிற கண், 1 மில்லிமீட்டர் தூரத்தில்தான் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மெல்லிய கோட்டையும் பிரித்துப் பார்க்கும். அடுத்த வண்டிக்கு ஆகும்.

செல்வம் சித்தப்பா: 📷 படம்

செல்வம் சித்தப்பா: ரிச்சி தெருவில் நிற்கிறேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது. டிசிஆர்டி5000 மூன்று கடையில் இருக்கிறது. இங்கே ஒருத்தர் கியூஆர்டி1114 என்று இன்னொன்று காட்டுகிறார், பேர்சைல்ட் கம்பெனி ஒரிஜினல், இதுதான் உசத்தி, ஒன்று 180 ரூபாய் என்கிறார். வாங்கலாமா மச்சான்?

ராஜு மாமா: வேண்டாம் மச்சான். பேர்சைல்டை 2016 இல் ஆன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது, அந்தக் கியூஆர்டி1114 நல்ல சென்சார்தான், ஆனால் அதுவும் பழைய சரக்கு, படத்தில் கால் எல்லாம் மங்கிக் கிடக்கிறது, சால்டர் ஒட்டாது. டிசிஆர்டி5000 ஆறு வாங்குங்கள், வேண்டியது நாலு, இரண்டு கைகாவல். கடையிலேயே மீட்டரை டயோடில் வைத்து எல்இடி பக்கத்துக் கால்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு திசையில் 1 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும், திருப்பினால் ஒன்றும் காட்டக் கூடாது. 74எச்சி14 மூன்று. 150 ஓம், 10கே ரெசிஸ்டர் பத்துப் பத்து.

செல்வம் சித்தப்பா: கடைக்காரப் பையனே மீட்டர் எடுத்துவந்து ஆறையும் பார்த்துக் கொடுத்தான். ஒன்று ஓப்பன், உள்ளே அறுந்திருந்தது, மாற்றிக் கொடுத்தான். மொத்தம் 190 ரூபாய். ராத்திரி பஸ்ஸில் வருகிறவர் கையில் கொடுத்துவிடுகிறேன், காலையில் மாட்டுத்தாவணியில் வாங்கிக்கொள் கதிர்.

கதிர்: ரொம்ப நன்றி சித்தப்பா. அலைய வைத்துவிட்டேன்.

செல்வம் சித்தப்பா: அதெல்லாம் ஒன்றும் இல்லை, வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ராஜு மாமா: மாப்பிள்ளை, தட்டு வரைவதற்கு முன் கணக்கைப் பார். உன் சக்கரம் 65 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 204 மில்லிமீட்டர் போகும். டிசிஆர்டி5000 கொஞ்சம் பருத்த கண், 4, 5 மில்லிமீட்டர் அகலப் பட்டை இருந்தால்தான் கறுப்பையும் வெள்ளையையும் தெளிவாகப் பிரிக்கும். மையத்தில் இருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி 16 கறுப்பு, 16 வெள்ளை போட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.9 வரும். இரண்டு கண்ணின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் சுற்றுக்கு 64, அதாவது ஒரு எண்ணுக்கு 3.2 மில்லிமீட்டர். வீட்டுத் தரையில் ஓடுகிற வண்டிக்கு இது தாராளம். ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் ஒரு ஜோடி, இரண்டு கண்ணுக்கும் நடுவே அதில் கால்வாசி இடைவெளி வேண்டும், ஆனால் அது இரண்டரை மில்லிமீட்டர்தான், சென்சார் அகலமே 5.8, அதனால் ஒன்றேகால் ஜோடி தள்ளி வை, 28 டிகிரி. சென்சாரின் நீளப் பக்கம் மையத்தை நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் பட்டையின் ஓரம் ஒரு சென்சாரின் எல்இடியையும் அதன் கண்ணையும் ஒரே நேரத்தில் கடக்கும். காகிதத்தில் இருந்து இரண்டரை மில்லிமீட்டர் தூரம். ஒரு சக்கரத்தின் இரண்டு எல்இடியையும் தொடராக இணைத்து ஒரே 150 ஓம் போடு, பேட்டரி மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை

கதிர்: மாமா, ஒரு பக்கம் மாட்டிவிட்டேன். செல்ஃபி கேமராவில் பார்த்தால் எல்இடி லேசாக ஊதா நிறத்தில் தெரிகிறது, அதனால் எல்இடி எரிகிறது. ஆனால் வெள்ளையில் 0.5 வோல்ட், கறுப்பில் 0.9 தான். 10கே சரியாகத்தான் போட்டிருக்கிறேன். காலையில் இருந்து மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டேன், சென்சாரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

அம்மா: அண்ணா, இன்னும் சாப்பிடவில்லை இவன். நீங்களாவது சொல்லுங்கள்.

ராஜு மாமா: தட்டை எதில் பிரிண்ட் எடுத்தாய்?

கதிர்: வீட்டு இங்க்ஜெட்டில். நல்ல கன்னங்கரேல் என்று வந்திருக்கிறது.

ராஜு மாமா: அங்கேதான் இருக்கிறது. உன் கண்ணுக்குத்தான் அது கறுப்பு. பல இங்க்ஜெட் மை வெறும் சாயம், இன்ஃப்ராரெட் அதைத் தாண்டிப் போய் அடியில் இருக்கிற வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பிவிடும். சென்சாருக்கு அது இன்னொரு வெள்ளை. லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் டோனரில் கார்பன் தூள் இருக்கிறது, அது விழுங்கிவிடும். மார்க்கரால் தீட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதே, அதுவும் பெரும்பாலும் சாயம்தான். அதே தாளைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஒரு நகல் எடு. ஒரு சர்க்யூட்டும் தொடாதே. போவதற்கு முன் சாப்பிடு.

கதிர்: சரி மாமா.

கதிர்: மாமா!!! வெள்ளையில் 0.2, கறுப்பில் 4.4! காகிதம் மட்டும்தான் மாற்றினேன்!

பெரியம்மா: அப்படிப் போடு 👏

ராஜு மாமா: சந்தோஷம் மாப்பிள்ளை. கறுப்பில் 4 க்கு மேல், வெள்ளையில் 1 க்குக் கீழ், 74எச்சி14 க்கு இது போதும். இப்போது அதே மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி வெயிலில் ஒரு தடவை பார்.

கதிர்: வெயில் நேராக விழுந்தால் கறுப்பிலும் 1.5 க்கு இறங்கிவிடுகிறது. சிகரெட் அட்டைக்குள் வருமே, அந்த மாதிரி அலுமினியத் தாள், சமையலறையில் இருந்ததை அட்டையில் ஒட்டிச் சின்னக் கூரை போட்டேன், மறுபடி 4.3.

ராஜு மாமா: அதுதான் சரி. அலுமினியம் எந்தக் காலிலும் படாமல் பார்த்துக்கொள். அப்புறம், உன் ஆர்டுயினோ உனோவில் நேரடி இன்டரப்ட், அதாவது கம்பியில் மாற்றம் வந்ததும் செய்கிற வேலையை நிறுத்தி உடனே கவனிப்பது, 2, 3 என்று இரண்டு பின்னுக்குத்தான், உனக்கு நாலு கம்பி வருகிறது, அதனால் மற்றப் பின்கள் மாறினாலும் கவனிக்கிற பின் சேஞ்ச் இன்டரப்ட் எழுது. உன் வேகத்துக்கு நொடிக்கு இருநூறு சொச்சம் எண்தான் வரும், திணறாது.

புதன்கிழமை

கதிர்: ஹால் தரையில் டேப் வைத்து 1 மீட்டர் கோடு போட்டு ஓட்டினேன். கணக்குப்படி 313 வர வேண்டும். இடது 314, வலது 311, ஐந்து தடவை ஓட்டினேன், இரண்டுக்கு மேல் மாறவில்லை. நிறுத்தி வைத்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், ஒரு எண்கூட ஏறவில்லை. இப்போது இரண்டையும் ஒப்பிட்டு வேகத்தைத் திருத்துகிற மாதிரி எழுதிவிட்டேன், பீரோவுக்கு ஒரு சாண் முன்னால் நேராக வந்து நிற்கிறது.

கதிர்: 🎥 வீடியோ

மீனா அக்கா: நாலு தடவை பார்த்துவிட்டேன் கதிர், என் பையன் இன்னும் போடு போடு என்கிறான்.

செல்வம் சித்தப்பா: 190 ரூபாய் வண்டிடா இது! வாழ்த்துகள் தம்பி.

ராஜு மாமா: வலது மூன்று குறைகிறது என்றால் அந்தச் சக்கரத்து ரப்பர் கொஞ்சம் பருமன். நூல் சுற்றி அளந்து புரோகிராமில் தனியாகப் போடு. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் வரும்போது அந்த மவுஸையும், தப்பாக வந்த கவட்டையையும் எடுத்துக்கொண்டு வா, இரண்டையும் வைத்து இங்கே ஒரு வேலை இருக்கிறது.