காலி மனையில் தீ எறும்பு, பக்கத்திலேயே ஆள்காட்டிக் கூடு: என்ன செய்வது?

மேடவாக்கம்வாசி:
எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் பொலபொலவென்று மண்ணைத் தள்ளி சிவப்பு எறும்பு புற்று வைத்திருக்கிறது. இப்போது காம்பவுண்டு தாண்டி செம்பருத்தித் தொட்டி வரை வந்துவிட்டது. மூன்று வயது மகளின் காலில் கொத்தாகக் கடித்து, மறுநாள் கடித்த இடமெல்லாம் கொப்புளம். மனை முழுக்க மருந்தடிக்கலாம் என்கிறார்கள் தெருக்காரர்கள். ஆனால் அங்கே ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்து அடைகாக்கிறது. மருந்து அடித்தாலும் பயம், விட்டாலும் பயம்.

வார்டு_நர்ஸ்:
கொப்புளத்தை உடைக்காதீர்கள், சீழ் பிடிக்கும். சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். இந்த எறும்பு வாயால் கவ்விக்கொண்டு பின்பக்கக் கொடுக்கால் திரும்பத் திரும்பக் குத்தும், அதனால்தான் கொத்தாக இருக்கிறது. முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

திண்டுக்கல்காரன்:
2022-ல் எங்கள் பக்கம் கரந்தமலையில் ஆடுமாடுகளின் கண்ணைப் பாழாக்கியதே, அதே எறும்பா?

பள்ளிக்கரணை_பறவை:
இல்லை சகோ, அது மஞ்சள் பைத்திய எறும்பு. அதற்குக் கொடுக்கு கிடையாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். இவர் சொல்வது சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா என்ற தீ எறும்பு போலிருக்கிறது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், நூறு வருடங்களுக்கும் மேலாக இந்தியாவில் இருக்கிறது. கூட்டத்தில் சில எறும்புகளுக்கு மட்டும் தலை பெரிதாக, சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள், விதை உடைப்பதற்கான தலை அது.

குருவி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. முட்டை ஓட்டில் விரிசல் விட்டு குஞ்சு வெளியே வரும் அந்த நேரத்தில்தான் இந்த மாதிரி எறும்புகள் உள்ளே புகும். காலாபகஸ் தீவுகளில் ஆமைக் குஞ்சுகளையே இதே எறும்பு தாக்குகிறது. ஆனால் மருந்தடித்தால் மேலே திரிகிற எறும்புதான் சாகும், கீழே ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், குஞ்சு தின்ன வேண்டிய பூச்சியும் போய்விடும்.

வேர்க்கடலை வெண்ணெயில் மருந்துக்கடை போரிக் பவுடரைக் கொஞ்சமே கொஞ்சம் கலந்து, துளை போட்ட மூடிய டப்பாவில் குழந்தை கைக்கு எட்டாமல், புற்றுக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே வையுங்கள், கூட்டுப் பக்கம் வேண்டாம். பவுடர் அதிகமானால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. அப்புறம், செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அது விடுகிற இனிப்புக்காகத்தான் எறும்பு அங்கே ஏறுகிறது.

மேடவாக்கம்வாசி:
செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சிதான்! மருந்தடிப்பதைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்?

பள்ளிக்கரணை_பறவை:
அடைகாப்பு மொத்தமே ஏறக்குறைய நான்கு வாரம். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தாயோடு நடந்து போய்விடும். அதுவரை யாரும் அந்த மனைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.