டிவிஷன் 1-ஆ 3-ஆ, டீமை எப்படி எடை போடறது?

கேள்வி:
அமெரிக்காவுல ரெண்டு யுனிவர்சிட்டி கோச்சுங்க என்கிட்ட பேசிட்டு இருக்காங்க, நான் நீச்சல், 200 பட்டர்ஃப்ளை. ஒண்ணு டிவிஷன் 1 (அங்க காலேஜ் விளையாட்டுல மேல் மட்டம்), இன்னொண்ணு டிவிஷன் 3 (மூணாவது மட்டம்). ரெண்டு வெப்சைட்டும் பளபளன்னு இருக்கு, எதை வச்சு முடிவு பண்றதுன்னே புரியல.

பதில் 1:
முதல்ல காசு விஷயம். டிவிஷன் 3ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்ப வச்சோ குடும்ப வருமானத்த வச்சோ தர்றதுதான். டிவிஷன் 1ல உண்டு, ஆனா நீச்சல்ல நிறைய பேருக்கு பாதியோ காலோதான் வரும். ஐவி லீக்கும் (ஹார்வர்ட், யேல் மாதிரி யுனிவர்சிட்டிங்க) டிவிஷன் 1தான், ஆனா அங்க விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்ல. எத்தன வருஷத்துக்கு, காயம் பட்டா என்ன ஆகும்னு எழுத்துல வாங்கிடுங்க.

பதில் 2:
பழைய ரோஸ்டர, அதாவது டீம் ஆளுங்க பட்டியல, தேடி எடுங்க. நாலு வருஷம் முன்னாடி சேர்ந்தவங்க பேரை எழுதி வச்சுக்கிட்டு, அதுல எத்தன பேர் கடைசி வருஷம் வரைக்கும் இருந்தாங்கன்னு பாருங்க, பாதிப் பேர் காணாம போயிருந்தா காரணத்த கோச்கிட்ட நேராவே கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அப்புறம் கான்ஃபரன்ஸ் (அந்த டீம் மோதற காலேஜ் குழு) ரிசல்ட்ல உங்க டைம் எத்தனாவதா வரும்னு பாருங்க. அங்க காலேஜ் போட்டி யார்டு கணக்குல இருக்கற குளத்துல, அதனால மீட்டர் டைமை மாத்திட்டுதான் ஒப்பிடணும்.

பதில் 3:
டிவிஷன் 1ல சீசன் நேரத்துல வாரம் 20 மணி நேரம்தான் ப்ராக்டிஸும் போட்டியும்னு என்சிஏஏ (காலேஜ் விளையாட்ட நடத்தற அமைப்பு) ரூல், ஆனா பயண நேரம் அதுல சேராது. சயின்ஸ் மேஜர்னா (முக்கிய பாடம்) மத்தியான லேபும் ப்ராக்டிஸும் மோதலாம். காலேஜ பாக்க விசிட் போறப்ப கோச் பக்கத்துல இல்லாத நேரமா பாத்து, அதே மேஜர் படிக்கற டீம் ஆளுகிட்ட பேசுங்க.