புது லேஅவுட்டில் நலச்சங்கம் தொடங்குகிறோம், முதலில் எதைக் கையில் எடுப்பது?

கேள்வி: ஏரிக்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். வண்டலூருக்கு மேற்கே, ஆதனூர் ஏரிப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். மூன்று ஏக்கர் லேஅவுட், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் உண்டு. எழுபது மனைகளில் நாற்பது வீடுகள் வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊராட்சிப் பகுதி.

மனை விற்கும்போது தார்ச்சாலை, தெருவிளக்கு, பூங்கா என்று எல்லாம் சொன்னார்கள். இப்போது இருப்பது மண்சாலையும் நாலு விளக்குக் கம்பமும்தான், அதிலும் இரண்டு எரிவதில்லை. புரமோட்டர் போனை எடுப்பதில்லை. பூங்கா என்று வரைபடத்தில் காட்டிய மூலையில் சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கிறது. மழைக்காலத்தில் மூன்றாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தெருவில் இருக்கும் வயதானவர்கள் ஐப்பசி பிறந்தாலே மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். சொந்தமாக வீடு கட்டிய பிறகும் இப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறதே என்பதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம்.

போன ஞாயிறு முதல் கூட்டம் போட்டோம். முப்பது பேர் வந்தார்கள், மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஆளுக்கொரு கோரிக்கை. ஒருவர் சிசிடிவி என்றார். இன்னொருவர் லேஅவுட் வாசலில் வளைவும் கேட்டும் வேண்டும் என்றார். சிலர் பூங்கா இடத்தில் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்கிறார்கள். நாய்த் தொல்லை, குப்பை, டேங்கர் தண்ணீர் விலை என்று பேச்சு நீண்டு இருட்டிவிட்டது. தார்ச்சாலைக்குத்தான் கைகள் அதிகம் உயர்ந்தன. கடைசியில் என்னைச் செயலாளராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியை, இந்த வேலை புதிது. ஆனால் பொறுப்பை ஏற்கத் தயார்.

என் கேள்வி இதுதான்: இத்தனையில் முதலில் எது? சங்கத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டுமா? வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூலிக்கலாம் என்கிறார்கள், அது சரியா? சங்கம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய செயலாளர், ஆவடி பக்கம்

வணக்கம் சகோதரி. முப்பது பேர் வந்தார்கள் என்பதே பெரிய விஷயம். எங்கள் ஊரில் சங்கத்தை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கைப் பட்டியலை இரண்டு வாரம் ஓரமாக வையுங்கள். முதல் வேலை காகிதம். உங்கள் லேஅவுட்டின் சாலைகளும் பூங்காவும் இன்று யார் பெயரில் இருக்கின்றன? ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் மூலம் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்கா போன்ற திறந்தவெளியாக விட்டு அதையும் தானமாகக் கொடுக்க வேண்டும். மூன்று ஏக்கர் என்கிறீர்கள், அது 12,000 சதுர மீட்டரைத் தாண்டும். எனவே உங்களுக்கு இது பொருந்தும். சாலை ஊராட்சியின் பெயரில் இல்லாவிட்டால் அவர்கள் நினைத்தாலும் அதில் அரசுப் பணத்தைப் போட முடியாது. நிறைய லேஅவுட்டுகளில் வருடக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அடியில் இந்த ஒரு பத்திரம் இல்லாததுதான் சிக்கலாக இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் போய் நிற்க வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள். லேஅவுட் போட்ட வருடத்தை ஒட்டித் தானப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதிலேயே உங்கள் கூட்டத்தின் இரண்டு கோரிக்கைகளுக்கு விடை இருக்கிறது. தானமாகக் கொடுத்த சாலை பொதுச்சாலை, அதைக் கேட் போட்டு மறிக்க முடியாது. பூங்காவுக்கு விட்ட இடமும் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும். கோயில் கட்ட விரும்புகிறவர்களிடம் இதை இப்போதே, பகை வராமல், தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். அடிக்கல் நாட்டிய பிறகு பேசினால் சங்கம் இரண்டாகிவிடும்.

இரண்டாவது வேலையை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்த ஊராட்சியில் ஓட்டு இருக்கிறது? புது லேஅவுட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாக்காளர் அட்டையைப் பழைய முகவரியிலேயே வைத்திருப்பார்கள். கிராம சபையில் உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத நாற்பது குடும்பம் ஊராட்சியின் கண்ணில் விருந்தாளிகள்தான். முகவரி மாற்றப் படிவம் 8, முதன்முறை பெயர் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. ஒரு ஞாயிறு மரத்தடியில் மேஜை போட்டு, கைபேசி பழகிய பிள்ளைகளை உட்காரவைத்து எல்லோருக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். செலவே கிடையாது. சங்கம் என்று ஒன்று வந்ததால் நடந்தது என எல்லோரும் கண்ணால் பார்க்கும் முதல் காரியமாகவும் அது இருக்கும்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட் 15 நெருங்கிவிட்டது. இருபது பேராக ஒன்றாகப் போய் ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பத்துக் கோரிக்கை கொடுத்தால் பத்தில் எளிதானதைச் செய்துவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். தனி வீடுகள் என்பதால் உங்களுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 பொருந்தும். ஏழு பேர் இருந்தாலே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். பதிந்துவிட்டால் அதோடு முடியாது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். பைலாவை, அதாவது சங்கத்தின் விதிகளை, இணையத்தில் கிடைப்பதிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். யாருக்கு ஓட்டு, சந்தா எவ்வளவு, எத்தனை ரூபாய்க்கு மேல் செலவு செய்யப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்ற மூன்றையும் உட்கார்ந்து பேசி நீங்களே எழுதுங்கள். பதிவு நடக்கட்டும் என்று மற்ற வேலைகளை நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

வசூல் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இப்போது 2,000 வேண்டாம். பதிவுக்கும் நகல்களுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு வீட்டுக்கு 200, 300 வாங்குங்கள். மாதாமாதம் வரவு செலவை வாட்சப்பில் போடுங்கள், யார் கேட்டாலும் ரசீதைக் காட்டுங்கள். வங்கிக் கணக்கு தொடங்கும்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். வளைவுக்கென்று பெரிய தொகை வசூலித்து, வேலை பாதியில் நின்று, முகம் கொடுத்துப் பேசாமல் போன அக்கம்பக்கத்தாரைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: சைட் சூப்பர்வைசர்

மேலே ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தார்ச்சாலைக்குக் கை தூக்கியவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் மேடம். தண்ணீர் போக வழி செய்யாமல் சாலை போட்டால், சாலை உயரும், வீடு தாழும். மூன்றாவது தெருவில் இப்போது வாசலோடு நிற்கிற தண்ணீர் அப்புறம் வீட்டுக்குள் வரும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அரசே உத்தரவு போட்டதற்குக் காரணம் இதுதான். ஆனால் உங்களுடையது மண்சாலை, முதல் மட்டத்தை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். அந்த மட்டம் ஒருமுறை தப்பினால் பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் பகுதி சாதாரணப் பகுதி இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று அடையாறு உருவாகி இறங்கி வரும் வழி அது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்களைப் படகில் போய் மீட்டார்கள். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே வாய்க்கால் ஓடிய நிலங்கள்தான் இன்றைக்கு மனைகள்.

அதனால் அரசின் நில ஆவணத் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் அ-பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) புல வரைபடமும் (அளவு, எல்லை காட்டும் படம்) எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஏதாவது இருக்கும். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் நடந்து போங்கள். வாய்க்கால் எங்கே மறைகிறது, சிறுபாலம் எங்கே மண் மூடிக் கிடக்கிறது, யார் காம்பவுண்டுச் சுவர் அதன் மேல் நிற்கிறது என்று பார்த்து, படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். மூன்றாவது தெருவில் போன மழைக்குத் தண்ணீர் நின்ற அளவை வீட்டுச் சுவர்களில் பெயின்ட்டால் கோடு போடச் சொல்லுங்கள். அதிகாரி வரும்போது நூறு வார்த்தை பேசுவதைவிட அந்தக் கோடு பேசும்.

ஆகஸ்ட் 15-க்கு ஒரே கோரிக்கை என்றார் ஐயா. என் கருத்தில் அது வாய்க்கால் தூர்வாருதல்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இயந்திரம் கொண்டு செய்துவிடலாம், பெரிய செலவும் இல்லை. அதோடு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 2003-லேயே கட்டாயமாக்கிய விஷயம், ஆனால் புது வீடுகளில் குழாயை இறக்கி வெறும் மண்ணில் விட்டிருப்பார்கள். நாற்பது மொட்டைமாடித் தண்ணீரும் தெருவுக்கு வராமல் பூமிக்குள் போனால் டேங்கர் செலவும் கொஞ்சம் குறையும்.

பதில்: வாடகை வீட்டுக்காரி

அக்கா, ஒன்று சொல்லலாமா? நான் வேறொரு லேஅவுட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் வாட்சப் குழுவில் வீட்டு உரிமையாளர்கள் மட்டும்தான். எங்கள் உரிமையாளர் இருப்பது கோயம்புத்தூரில். குப்பை வண்டி நேரம் மாறியதும், போர் மோட்டார் பழுதானதும் அவருக்கு உடனே தெரியும், எங்களுக்குத் தெரியாது. தெருவில் வாழ்வது நாங்கள்.

உங்கள் பைலாவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஓர் இடம் வையுங்கள். சொத்து சம்பந்தமான முடிவில் உரிமையாளர் ஓட்டுப் போடட்டும், தண்ணீர், குப்பை, விளக்கு, பாதுகாப்பு பற்றிப் பேசும்போது எங்களையும் கூப்பிடுங்கள். வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயரும் சேரும், கிராம சபைக்கு நாங்களும் வருவோம், அங்கே சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்பதில்லை.

இன்னொன்று, கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியை விட்டு வர முடியாது. டேங்கர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த முனையில் மாலையானால் குடிக்க உட்காருகிறார்கள் என்பதெல்லாம் பகலில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஏரிக்கரை டீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணைக் குழுவில் சேர்த்துவிட்டேன். அடுத்த கூட்டம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு.

வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். சாலைகளுக்குத் தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறது. அதன் சொத்து விவரத்தில் பூங்கா இடம் இல்லை. எனக்குப் பகீர் என்றது. வாக்காளர் அட்டை விசாரித்தால் நாற்பது வீட்டில் ஐந்து வீட்டுக்காரர்களுக்குத்தான் இங்கே ஓட்டு. மூன்றாவது தெருவில் தண்ணீர் நின்ற அளவுக்குக் கோடு போட்டாயிற்று, என் இடுப்பைத் தொடுகிற இடம்கூட ஒன்று இருக்கிறது.

சாலை போடப் பொதுமக்கள் பங்களிப்போடு நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அதை எடுக்கலாமா? பூங்கா இடத்துக்கு என்ன செய்வது?

பதில்: பழைய செயலாளர், ஆவடி பக்கம்

பதற வேண்டாம். பூங்காவைத் தனிப் பத்திரமாக எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு. லேஅவுட் சர்வே எண்ணின் எல்லா உட்பிரிவுகளுக்கும் வில்லங்கம் போடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சாலைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். கூடவே டிடிசிபி ஒப்புதல் எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புதல் வரைபடத்தின் நகலும் பூங்கா ஒப்படைப்பு பற்றிய ஆவணமும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். ஒப்படைக்கவே இல்லை என்று தெரிந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். அந்த இடத்தை இதற்கிடையில் யாராவது விலைபேச வந்தால் மனு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நமக்கு நாமே நல்ல திட்டம். ஆனால் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும், நாற்பது வீட்டில் சாலைக்கு அது பெரிய தொகை. இந்த மழையில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, தை மாதத்துக்குப் பிறகு சாலை மட்டத்தையும் வடிகாலையும் சேர்த்து மதிப்பீடு வாங்கிப் பொதுக்குழுவில் வையுங்கள்.

எரியாத இரண்டு விளக்குக்கு ஊராட்சிச் செயலரிடம் கம்பத்தின் எண்ணைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கம்பியில், மின்சாரத்தில் கோளாறு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.

ஆகஸ்ட் 15 மனுவில் சங்கத்தின் பெயரைப் போட வேண்டாம், பதிவு எண் இன்னும் இல்லையே. மனைப்பிரிவின் பெயரையும் சர்வே எண்ணையும் தலைப்பில் எழுதி, குடியிருப்போர் எல்லோரும் கதவெண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பிரதியைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.